அமைச்சரம்மா

நாடாளுமன்றத்தில் எங்கள் வேலைக்கு ஒரே ஒரு விதிதான். யார் பேசினாலும் மொழிபெயர்ப்பாளர் 'நான்' என்றே சொல்ல வேண்டும். "அமைச்சர் சொல்கிறார்", "உறுப்பினர் கேட்கிறார்" என்று நடுவில் மூக்கை நுழைக்கக் கூடாது. அமைச்சர் "நான் பதவி விலக மாட்டேன்" என்றால் நாங்களும் "நான் பதவி விலக மாட்டேன்" என்றே சொல்வோம், எங்களைப் பதவி விலகச் சொல்லி யாரும் கேட்காவிட்டாலும். இந்த வேலையில் தலை நரைத்தவன் நான். எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், வெளிநடப்பு செய்யப்போவதாக மிரட்டிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்திருக்கிறேன், ஒருமுறை பிரசவ வேதனையைப் பற்றிச் சொந்த அனுபவத்திலிருந்து பேசியிருக்கிறேன். வீட்டில் மட்டும் என் மனைவி 'நான்' என்று ஆரம்பிக்கவே விடமாட்டாள்.

இது என்னைப் பற்றிய கதை அல்ல. என்னோடு ஒரே கூண்டில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பற்றியது.

கூண்டு என்று நாங்கள் சொல்வது அவையின் மேல்தளத்தில் இருக்கும் கண்ணாடி அறையை. இரண்டு நாற்காலிகள், இரண்டு மைக்குகள், ஒரு தண்ணீர்க் கூஜா, மூடாத ஒரு கதவு. மைக்கின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரை நம் சத்தம் வெளியே போகாது. இருமுவதற்காக வைத்தது. பெரும்பாலும் அதை அழுத்திக்கொண்டு உறுப்பினர்களைத் திட்டத்தான் பயன்படுத்துவோம்.

ஒவ்வொருவரும் தங்கள் தாய்மொழிக்குள்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவள் மலை மாகாணத்துப் பெண். ஆகவே தலைநகர மொழியில் பேசுவதையெல்லாம் மலைமொழியில் சொல்வது அவள் வேலை. நான் தலைநகரத்தில் பிறந்தவன். மலைமொழி அம்மா வழியில் வந்தது. ஆகவே மலைக்காரர்கள் பேசுவதைத் தலைநகர மொழியில் சொல்வது என் வேலை. இந்த ஏற்பாட்டினால், மலையைத் திட்டுவது எல்லாம் மலைப்பெண்ணின் வாயிலிருந்தும், தலைநகரத்தைத் திட்டுவது எல்லாம் தலைநகரத்துக்காரனின் வாயிலிருந்தும் வரும். இதில் எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது என்று டீ குடிக்கும்போது நாங்கள் பேசிக்கொள்வதுண்டு. டீ முடிந்ததும் போய் உட்கார்ந்துவிடுவோம்.

எங்கள் இருவர் பேச்சும் வானொலியில் நேரடியாகப் போகும். ஆனால் என் பேச்சைத் தலைநகரத்தில் ஈ காக்கை கூடக் கேட்காது. என் மைத்துனர் வானொலிப் பெட்டிகள் விற்கும் கடையே வைத்திருக்கிறார், அவர்கூட ஒரு நாள் கேட்டதில்லை. "மாப்ள, இன்னைக்கு எந்த நாட்டப் பிரிச்சீங்க?" என்று விருந்துகளில் கேட்பதோடு சரி. மலையில் அப்படி இல்லை. அங்கே அவையின் நேரடி ஒலிபரப்பு ஓடும்போது பஸ் ஓட்டுநர்கூட வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுவார். பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவரில் காது வைத்துக் கேட்பதுபோல் மாகாணமே கேட்டுக்கொண்டிருக்கும்.

அவளுடைய அப்பா அங்கே ஒரு சிற்றூரில், பஸ் நிலையத்துக்கு எதிரே சலூன் வைத்திருந்தார். கண்ணாடிக்கு மேலே பலகை, பலகைமேல் வானொலி. மகள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வாய்க்கால் தூர்வாரும் மசோதாவை அவள் மலைமொழியில் சொன்னபோது, சவரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டாராம். நாற்காலியில் இருந்தவரும் நுரையோடு சேர்ந்து கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தால் "ரயில்வே பட்ஜெட்ட நல்லாப் போட்டம்மா" என்பார், ஏதோ மகளே கணக்குப் பார்த்துப் போட்டதைப்போல. அவளும் "சரிப்பா" என்று பாராட்டை வாங்கிக்கொள்வாள்.

பிறகு பிரிவினைப் பேச்சு வந்தது. மலையிலிருந்து தண்ணீர் இறங்குகிறது, மின்சாரம் இறங்குகிறது, மரம் இறங்குகிறது, ஏறி வருவது உத்தரவுகள் மட்டும்தான், இப்படியே போனால் நாங்கள் தனியாகப் போய்விடுகிறோம் என்பது மலைக்காரர்கள் கட்சி. இறங்குவது தண்ணீரின் இயல்பு என்பது அரசின் கட்சி. வாதம் முற்றியதும் உள்துறை அமைச்சர் ஒரு மசோதா கொண்டுவந்தார். பிரிந்துபோவோம் என்று பேசும் கட்சி இனித் தேர்தலில் நிற்க முடியாது. மசோதாவின் பெயரில் ஒற்றுமை என்ற சொல் இருந்தது. அதன் உள்ளே போனால் அபராதம், சிறை, தடை என்ற சொற்கள்தான் இருந்தன.

விவாதம் வாரக்கணக்கில் நடந்தது. உள்துறை அமைச்சர் கட்டைக் குரல்காரர், மேஜையைக் குத்திப் பேசுபவர். ஆனால் மலையில் யாருக்கும் அந்தக் கட்டைக் குரல் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த உள்துறை அமைச்சர் இளம்பெண்ணின் குரலில், சுத்தமான மலைமொழியில், நிதானமாக "நான் உங்களை உள்ளே தள்ளுவேன்" என்று சொல்பவர். "பிரிவினை என்ற சொல்லை உச்சரிக்கும் நாவை நான் அடக்குவேன்." "என் பொறுமைக்கும் எல்லை உண்டு." இதெல்லாம் அப்பாவின் கடையில், கண்ணாடிக்கு மேலே இருந்து, மகளின் குரலில் வந்தது. ஊரில் அவளுக்கு 'அமைச்சரம்மா' என்று பெயர் விழுந்தது. முதலில் கிண்டலாகத்தான். "அமைச்சரம்மா அப்பா, கொஞ்சம் கம்மியா வெட்டுங்க, உங்க பொண்ணு வேற எங்க தலையத்தான் கேக்குறா" என்று வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். அப்புறம் கிண்டல் குறைந்தது, வாடிக்கையாளர்களும் குறைந்தார்கள். ஒரு நாள் காலையில் கடை ஷட்டரில் தாரால் 'உள்துறை அமைச்சகம்' என்று எழுதியிருந்தது. எழுத்து நன்றாக இருந்ததாம்.

அப்பா போனுக்கு வருவதை நிறுத்தினார். அம்மாதான் எடுப்பார்.

"அப்பா கடையில இருக்காரும்மா."

"இன்னைக்குக் கடை லீவாச்சேம்மா."

"ஆமா, லீவுதான். கடையில இருக்காரு."

அவள் அழுகிற ரகம் இல்லை. ஆனால் திங்கட்கிழமைகளில் கூண்டுக்குள் வரும்போது முகம் சிறுத்திருக்கும். வேலையை விட்டுவிடலாமா என்று ஒரு தடவை என்னிடம் கேட்டாள். அப்பா முகம் கொடுத்துப் பேசாத வீட்டுக்குச் சம்பளம் அனுப்பி என்ன செய்ய என்றாள். அவளுக்கு அவர் வேண்டும், அவ்வளவுதான். நாடு ஒன்றாக இருப்பதா இரண்டாகப் போவதா என்பதில் அவளுக்கு ஒரு கருத்து இருந்திருக்கலாம். இரண்டு பக்கத்துக் கருத்தையும் அவள் தினமும் கேட்டு அலுத்துவிட்டதால் அதைப்பற்றி நாங்கள் பேசவே மாட்டோம்.

இந்த இடத்தில் மலை உறுப்பினர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர்கள் அத்தனை பேரும் தலைநகரத்துக் கல்லூரிகளில் படித்தவர்கள். தலைநகர மொழியில் கவிதை எழுதியவர்கூட ஒருவர் உண்டு. ஆனால் அவையில் தங்கள் மொழியைத் தவிர வேறு எதுவும் தங்கள் காதில் விழாது என்று கொள்கை முடிவு எடுத்திருந்தார்கள். ஆகவே அமைச்சர் பேசும்போது சிலைபோல் உட்கார்ந்திருப்பார்கள். காதில் மாட்டிய கருவி வழியாக எங்கள் பெண்ணின் மொழிபெயர்ப்பு வந்த பிறகே முகம் மாறும். அந்த அவையில் ஒவ்வொரு நகைச்சுவைக்கும் இரண்டு தவணையில் சிரிப்பு எழும். இரண்டாவது சிரிப்புத்தான் நிஜமான சிரிப்பாக இருக்கும், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க அவர்களுக்கு நேரம் கிடைத்திருக்கும் அல்லவா.

விவாதத்தின் கடைசி நாள். அமைச்சர் பதிலுரை ஆற்றினார். எல்லாம் வழக்கம்போலத்தான் போய்க்கொண்டிருந்தது. தலைநகரத்துச் சலூன்களில் பாதிக்குமேல் மலைக்காரர்கள் நடத்துவது. அமைச்சரின் தலைமுடியைக்கூட ஒரு மலைக்காரர்தான் வெட்டிவிடுவார். அது நினைவுக்கு வந்ததோ என்னவோ, குறிப்பில் இல்லாத ஒன்றை அமைச்சர் சொன்னார்: "சீப்பும் கத்தரியும் தூக்கிக்கொண்டு என் தெருவுக்குப் பிழைக்க வந்தவர்களுக்குத் தனிக்கொடி ஒரு கேடா? முதலில் என் தாடியை ஒழுங்காக வழிக்கட்டும்."

அவர் கட்சிக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவள் விரல் சிவப்புப் பொத்தானில் இருந்தது. அவள் இருமவில்லை.

கீழே மலை உறுப்பினர்களைப் பார்த்தேன். அப்படி ஒரு காட்சியை நான் அந்த அவையில் பார்த்ததில்லை. கோபம் வந்துவிட்டது, மொழிபெயர்ப்பு வரவில்லை. முகங்கள் சிவந்து, கைகள் காதுக் கருவியில், வாக்கியத்துக்காகக் காத்திருந்தார்கள். கவிதை எழுதியவர் பாதி எழுந்துவிட்டார். அவர்கள் தலைவரான பெரியவர், சட்டை நுனியைப் பிடித்து அவரை உட்கார வைத்தார். கொள்கைப்படி அவர்கள் இன்னும் எதையும் கேட்கவில்லை.

அமைச்சர் அடுத்த வாக்கியத்துக்குப் போனார். அவள் பொத்தானை விட்டாள். "ஆகவே நாம் அனைவரும் ஒரு தாய் மக்கள்" என்று மலை முழுவதும் கேட்டது.

அமைச்சர் உட்கார்ந்ததும் பெரியவர் எழுந்தார். மலைமொழியில் பேசினார், நான் சொன்னேன்: "அவைத்தலைவர் அவர்களே, நடுவில் ஒரு வாக்கியம் எனக்கு வந்து சேரவில்லை. அமைச்சர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு நான் கோபப்பட முடியாது. அது எனக்கு வந்து சேர ஏற்பாடு செய்ய வேண்டும்." இதைச் சொல்லும்போது பெரியவரின் கன்னம் துடித்துக்கொண்டிருந்தது. என் குரலில் துடிப்பு எதுவும் இல்லை. அதுதான் எங்கள் தொழில்.

திரும்பச் சொல்லும்படி அவைத்தலைவர் அமைச்சரைக் கேட்டார். அதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் அமைச்சர் காதில் ஏதோ ஓதியிருந்தார். ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லும் வழக்கம் தனக்கு இல்லை என்றும், சுருக்கெழுத்தாளரிடம் இருக்கிறது என்றும் அமைச்சர் சொல்லிவிட்டார். சுருக்கெழுத்தாளரின் தாளை எங்கள் பிரிவு அதிகாரியே கையில் ஏந்திக்கொண்டு மாடி ஏறி வந்தார். அவை மொத்தமும் அண்ணாந்து எங்கள் கண்ணாடியைப் பார்த்தது. நாங்கள் அங்கே இருப்பது பலருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும்.

நான் அவளுடைய மைக்கை என் பக்கம் இழுத்தேன்.

"நான் சொல்லிடுறேம்மா. உனக்குத் தொண்ட சரியில்லன்னு சொல்லிக்கலாம்."

"வேணாம் அண்ணா. உங்க உச்சரிப்புல கேட்டா எங்க ஊர்ல சிரிப்பாங்க. இது சிரிக்கிற விஷயம் இல்ல."

பிறகு அதிகாரியைப் பார்த்து, இந்த ஒரு தடவை மட்டும் 'அமைச்சர் சொன்னார்' என்று சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அதிகாரி நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்தார். இன்றைக்கு இதைச் சேர்த்தால் நாளைக்கு ஆளாளுக்கு ஒன்று சேர்ப்பார்கள் என்றார்.

அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னாள். சீப்பு, கத்தரி, என் தெரு, கேடு, எதையும் விடவில்லை. 'முதலில் என் தாடியை' என்ற இடத்திலும் குரல் பிசகவில்லை. சொல்லி முடித்ததும் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள், பாதி மேஜையில் கொட்டியது. எனக்கு அந்த அமைச்சரைப் பிடித்து ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. என் வயதுக்கும் பதவிக்கும் அது பொருந்தாது என்பதால் கூஜாவை மூடி வைத்தேன்.

கீழே, முறைப்படி அவமானப்படுத்தப்பட்ட மலை உறுப்பினர்கள் முறைப்படி எழுந்து வெளியேறினார்கள். அவர்கள் முகத்தில் கிட்டத்தட்ட நிம்மதியே தெரிந்தது. கவிதை எழுதியவர் காதுக் கருவியைக் கழற்ற மறந்து, கம்பி இழுத்து, திரும்பி வந்து கழற்றி வைத்துவிட்டுப் போனார். அவர்கள் இல்லாத அவையில், ஒற்றுமை மசோதா ஒருமனதாக நிறைவேறியது. பொத்தான் விவகாரத்தை அதிகாரி விசாரித்தார். 'இருமல்' என்று அவள் எழுதிக் கொடுத்தாள். வேறு எது எழுதினாலும் குழு போட வேண்டியிருக்கும் என்பதால் அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

அந்த ஞாயிறு அவள் போன் செய்தாள். அம்மாகூட எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான்.

கூட்டத்தொடர் முடிந்ததும் ஊருக்குப் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். என் மாமா வீடு அதே பாதையில் இரண்டு ஊர் தள்ளி இருந்தது. ஒரே பஸ்ஸில் கிளம்பினோம். வழியெல்லாம் அவள் வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸில் டிக்கெட்டைக்கூட என்னையே கேட்டு வாங்கச் சொன்னாள். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களாம். கிளம்புவதற்கு முன்பே ஒரு வாரம் சவரம் செய்ய வேண்டாம் என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தாள். காரணம் ஊரில் இறங்கியதும்தான் தெரிந்தது.

"நீங்க உள்ள போய் ஷேவ் பண்ணிக்குங்க அண்ணா. அப்பா எந்த மாதிரி இருக்காருன்னு பாருங்க. கோவமா இருந்தா நான் அடுத்த பஸ்ல திரும்பிடுறேன்."

அவள் முக்காடு போட்டுக்கொண்டு பஸ் நிலையத்து டீக்கடையில் உட்கார்ந்துகொண்டாள். நான் தாடியோடு உளவு பார்க்கப் போனேன்.

ஷட்டரில் புதுப் பச்சை வண்ணம் அடித்திருந்தது. அதற்கு அடியில் 'உள்துறை' என்பது இன்னும் லேசாகத் தெரிந்தது. அப்பா ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. நாற்காலியில் உட்காரச் சொல்லி, துண்டைப் போர்த்தி, நுரை தடவினார். பெஞ்சில் ஒரு லாரி ஓட்டுநர் தன் முறைக்காகக் காத்திருந்தார். நான் "அமைதியான ஊருங்க" என்றேன். அந்த இரண்டு சொல்லில் என் உச்சரிப்பு பல்லிளித்துவிட்டது.

"தலைநகரமா?" என்றார் லாரி ஓட்டுநர். ஆமாம் என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. உங்கள் அமைச்சர் தாடியைப் பற்றிப் பேசிய அன்றைக்கு இந்தக் கடையில் நடந்தது தெரியுமா என்று ஆரம்பித்து, அவரே சொன்னார். அன்றைக்குக் கடையில் நல்ல கூட்டமாம். வானொலியில் அந்த வாக்கியம் வந்ததும், நாற்காலியில் ஒரு கன்னம் மட்டும் சவரமான ஆள், உங்கள் பெண் நம்மையே கேவலமாகப் பேசுகிறாள், அதை அணையுங்கள் என்று கத்தினாராம்.

"இவரு கத்தியத் தொடச்சாரு. 'பேசுறது என் பொண்ணு. கேக்கப் பிடிக்கலன்னா எந்திரிச்சுப் போ'ன்னுட்டாரு. அவன் ரோஷக்காரன், போயிட்டான். பாதித் தாடியோட ஊரு பூரா சுத்துனான். அடுத்த தெரு சலூன்காரரு மீதிய வழிக்க மாட்டேன்னுட்டாரு, இன்னொருத்தர் ஆரம்பிச்ச வேலையத் தொட மாட்டாராம்."

அப்பா சிரிக்கவில்லை. என் ஒரு கன்னத்தை முடித்துவிட்டு, கத்தியைத் தீட்டினார். கண்ணாடியைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்:

"எதிர் டீக்கடையில முக்காட்டப் போட்டு உக்காந்திருக்குறது என் பொண்ணுதான? நீங்க பஸ்ஸ விட்டு எறங்குனதுல இருந்து பாத்துட்டுத்தான் இருக்கேன்."

கண்ணாடியில் பஸ் நிலையம் முழுவதும் தெரிந்தது. நான் ஆமாம் என்றேன். போனை ஏன் எடுக்கவில்லை என்று, மானத்தை விட்டுக் கேட்டும்விட்டேன்.

"மொதல்ல கோவம். அப்புறம் கோவம் போச்சு, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. அவங்கம்மா எடுத்தா என் கையில குடுத்துருவா, அதனால எடுக்க விடல." கத்தியைத் துண்டில் துடைத்தார். "போய் வரச் சொல்லுங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்குறதுக்கு நடுவுல எல்லையா போட்டிருக்கு?"

ஒரு கன்னத்து நுரையோடு நான் வாசலுக்குப் போய்க் கையைக் காட்டினேன். அவள் டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். கடைக்குள் வந்து, பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாள். லாரி ஓட்டுநர் பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்தார். அப்பா என்னை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த ஆளு அப்படியேவாம்மா சொன்னான்?"

"அப்படியேதாம்ப்பா."

"அப்புறம் ஏன் மொதல்ல விட்ட? சத்தமே இல்லாமப் போச்சு. ரேடியோ கெட்டுப்போச்சுன்னு தட்டிப் பாத்தேன்."

"நீங்க கேட்டுட்டு இருப்பீங்கன்னு விட்டேன்."

"கேக்கத்தான வாங்கி வச்சிருக்கேன். இனிமே விடாத. அவன் மனசுல என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியணும். உன்ன விட்டா யாரு சொல்லுவா?"

அவள் சரி என்று தலையாட்டினாள். அத்தனை வாரம் கூண்டில் அழாதவள், அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, லாரி ஓட்டுநர் பக்கத்தில், நன்றாக அழுதாள். அப்பா அவளைத் தேற்றவில்லை. அழுதால் தொண்டை கட்டிக்கொள்ளும், வெந்நீர் குடி என்று மட்டும் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது, நுரை பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு அவர் என் மோவாயை நிமிர்த்திப் பிடித்தார்.

"எங்க ஆளுங்க பேசுறத அங்க சொல்றவரு நீங்கதானே? மக சொல்லியிருக்கா."

"ஆமாங்க."

"எதையாவது விட்டுட்டுச் சொல்றதுண்டா?"

கத்தி தொண்டைக்குழியில் இருந்தது. பொய் சொல்லத் தோதான இடம் இல்லை. "இல்லீங்க, எல்லாத்தையும் சொல்லிடுவேன்" என்றேன். அது உண்மையும்கூட.

"அங்க யாரு கேக்குறா?"

எனக்கு மைத்துனர் கடை நினைவுக்கு வந்தது. அலமாரி நிறைய அடுக்கிவைத்த வானொலிப் பெட்டிகள், எல்லாம் புதிது, எதுவும் பாடாதவை. கத்திக்குத் தோதாக மோவாயை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தேன். கண்ணாடியில் அவள் என்னைப் பார்த்துவிட்டு, தரையில் கிடந்த முடியைப் பார்த்தாள்.

அப்பா "சரி, ஆடாம இருங்க" என்று சொல்லிவிட்டு மீதியை வழிக்க ஆரம்பித்தார்.